போட்டுப் பார்த்தால் பொருந்தும்! – ஆடையும் அன்றாட ஆங்கிலமும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க கொஞ்ச நேரம் பேசணும். ஹாஸ்டல் சாப்பாட்டுக் கதை வேண்டாம். பிள்ளைகளுக்குப் பயன்படற மாதிரி ஏதாவது சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். துணி. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதித் தொழிலில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்துப் பிழைத்தவன் நான். ஆகவே துணியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் நூல் கவுண்ட், சாயம் பற்றி அல்ல. துணியைச் சுற்றி இருக்கிற அன்றாட ஆங்கிலம் பற்றி.

"இதுக்கு ஒரு பேச்சா? சட்டைன்னா ஷர்ட், கால்சட்டைன்னா பேன்ட், அவ்வளவுதானே" என்று யாரோ நினைப்பது எனக்குக் கேட்கிறது. அங்கேதான் விஷயம் இருக்கிறது. பொருளின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பொருளை வைத்து நாம் செய்கிற காரியத்தின் பெயர்தான் வாயில் வராது.

பெரிய சொல் தெரியும், சின்னச் சொல் தெரியாது

தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு 'ரிமூவ்' தெரியும். 'கார்மென்ட்' தெரியும். 'இன்ஸ்பெக்ட்' தெரியும். புத்தகத்தில் படித்த சொற்கள். ஆனால் 'டேக் ஆஃப்', 'டூ அப்', 'லெட் அவுட்' என்றால் விழிப்பான். 'டேக்' தெரியும், 'ஆஃப்' தெரியும், இரண்டும் சேர்ந்தால் தெரியாது. இதற்கு இலக்கணத்தில் 'ஃபிரேசல் வெர்ப்' என்று பெயர். ஒரு சின்ன வினைச்சொல்லோடு 'ஆன், ஆஃப், அப், டவுன், இன், அவுட்' என்று ஒரு வால் சேரும். வால் மாறினால் பொருளே மாறிவிடும்.

இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். ஆங்கிலத்துக்கு 1755-இல் பெரிய அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இந்த வால் சொற்களைக் குறிப்பிட்டு, வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய தொல்லை தருபவை இவைதாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தத் தொல்லைக்கு வயது இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல்!

காலையில் எழுந்ததிலிருந்து

முதலில் 'வேர்', 'புட் ஆன்' என்கிற இரட்டையைப் பார்ப்போம். நண்பன் அறைக்கு வெளியே நின்று கதவைத் தட்டுகிறான். உள்ளே இருக்கிறவர், "வெயிட், ஐ ஆம் வேரிங் மை ஷர்ட்" என்று குரல் கொடுக்கிறார். இதை ஒரு ஆங்கிலேயன் கேட்டால், "போட்டுக்கிட்டுத்தானே இருக்கே, வெளியே வாயேன்" என்பான். ஏனென்றால் 'வேர்' என்பது போட்டிருக்கிற நிலை. 'புட் ஆன்' என்பது போடுகிற செயல். அவர் சொல்லியிருக்க வேண்டியது, "ஐ ஆம் புட்டிங் ஆன் மை ஷர்ட்".

இந்த வேறுபாடு தமிழனுக்குப் புதிதா? இல்லவே இல்லை. 'சட்டை போடுகிறான்', 'சட்டை போட்டிருக்கிறான்'. ஒரு 'இரு' சேர்த்து நாம் முடித்துவிடுகிறோம். அவர்கள் தனிச்சொல் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. நாம் புடவை கட்டுவோம், சட்டை போடுவோம், சால்வை போர்த்துவோம், மூக்குக் கண்ணாடி மாட்டுவோம், பூ வைப்போம், மாலை சூடுவோம், தாடி வளர்ப்போம். பொருளுக்குப் பொருள் வினை வேறு. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் 'வேர்' ஒன்றே போதும். தாடிக்கும் 'வேர்', வாசனைத் திரவியத்துக்கும் 'வேர்', முகத்தில் இருக்கிற புன்னகைக்கும் 'வேர்'. இந்த இடத்தில் ஆங்கிலம்தான் சுலபம். நாம்தான் கஷ்டமான மொழியைத் தொட்டிலிலேயே கற்றுக்கொண்டு வந்திருக்கிறோம்!

பொத்தான் போடுவது 'டூ அப்'. கழற்றுவது 'அன்டூ'. ஜிப் இழுப்பது 'ஜிப் அப்'. சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டுக்கொள்வது 'டக் இன்'. நம் பையன்கள் 'இன் பண்றது' என்று வாலை மட்டும் வைத்துக்கொண்டு தலையை விட்டுவிட்டார்கள். கையை மடித்துவிடுவது 'ரோல் அப்'. அவசரத்தில் எதையோ மாட்டிக்கொண்டு ஓடுவது 'த்ரோ ஆன்'. குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொள்வது 'ராப் அப்'. வந்ததும் கழற்றுவது 'டேக் ஆஃப்'. மாட்டி வைப்பது 'ஹேங் அப்'. மடித்து உள்ளே எடுத்து வைப்பது 'புட் அவே'.

'புட் ஆன்' என்பதற்குத் துணியைத் தாண்டியும் வேலை உண்டு. விளக்கைப் போடுவதும் 'புட் ஆன்'. இல்லாத உச்சரிப்பை இருப்பதுபோல் பாவனை செய்வதும் 'புட் ஆன்'. உடம்பு போடுவதும் 'புட் ஆன்'. கடைசியாகச் சொன்னதற்கு விளக்கம் வேண்டுமென்றால் என் வகுப்புத் தோழர்கள் அமர்ந்திருக்கும் வரிசையை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்!

ஒரு சின்ன விதியும் உண்டு. 'புட் ஆன் யுவர் ஷர்ட்' என்றும் சொல்லலாம், 'புட் யுவர் ஷர்ட் ஆன்' என்றும் சொல்லலாம். ஆனால் சட்டை என்பதை 'இட்' என்று மாற்றிவிட்டால், அந்த 'இட்' நடுவில்தான் உட்கார வேண்டும். 'புட் இட் ஆன்', 'டேக் இட் ஆஃப்', 'ட்ரை இட் ஆன்'. 'புட் ஆன் இட்' என்றால் தவறு. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிழை போய்விடும்.

நமக்கும் வால் உண்டு

மாணவர்களே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஆங்கிலத்தின் வால் முன்னே நம்மைப் பயமுறுத்துகிறது. ஆனால் தமிழில் இதைவிட நீளமான வால் இருக்கிறது.

'போடு' என்று ஒரு வினை. போட்டுக்கொள் என்றால் தனக்குத் தானே. போட்டுவிடு என்றால் அம்மா குழந்தைக்கு. போட்டிரு என்றால் நிலை. போட்டுப் பார் என்றால்? கடையில் சட்டை எடுக்கும்போது, "அண்ணா, போட்டுப் பாருங்க" என்கிறார்களே, அங்கே 'பார்' என்பதற்குக் கண்ணால் பார்ப்பது என்றா பொருள்? கண் தெரியாதவரிடமும் அப்படித்தானே சொல்வோம். அதுதான் ஆங்கிலத்தின் 'ட்ரை ஆன்'. மடித்து வை, மாட்டி வை, நைந்து போ, கிழிந்து போ. இந்த 'வை'யும் 'போ'வும் தம் சொந்தப் பொருளை விட்டுவிட்டு முன்னால் இருக்கிற வினைக்கு வேலை செய்கின்றன. நம் இலக்கணம் இவற்றைத் துணைவினை என்கிறது.

மூன்று வயதுக் குழந்தை, "நீ போட்டுவிட வேணாம், நானே போட்டுக்குவேன்" என்று அடம் பிடிக்கிறதே! 'விடு', 'கொள்' என்ற இரண்டு துணைவினையின் நுட்பமும் அதற்குத் தெரிகிறது. அந்தக் குழந்தை வளர்ந்து நம் கல்லூரிக்கு வந்து, "எனக்கு இங்கிலீஷ் வராது சார்" என்று சொன்னால் நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?

தையல் மேசையில்

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். சோறு போடுகிற இடம் இது.

வெளிநாட்டு வாங்குபவர் ஆர்டர் கொடுக்கும்போது முதலில் சாம்பிள் தைத்து அனுப்புவோம். அவர்கள் அதைப் பொம்மைக்கோ ஆளுக்கோ போட்டுப் பார்த்து, 'கமெண்ட்ஸ்' எழுதி அனுப்புவார்கள். அதில் முக்கியமான நான்கு சொற்கள் உண்டு. 'டேக் இன்', 'லெட் அவுட்', 'டேக் அப்', 'லெட் டவுன்'.

'டேக் இன்' என்றால் பக்கத் தையலைப் பிடித்து இறுக்கு. 'லெட் அவுட்' என்றால் தையலைப் பிரித்துவிட்டு அகலமாக்கு. 'டேக் அப்' என்றால் கீழ் மடிப்பை ஏற்றித் தை, உயரம் குறையும். 'லெட் டவுன்' என்றால் மடிப்பை இறக்கிவிடு, உயரம் கூடும். கவனித்தீர்களா? 'லெட்' வருகிற இடத்தில் எல்லாம் நம் தையல்காரர் வாயில் 'விடு' வருகிறது. பிரிச்சு விடு, இறக்கி விடு. எந்தப் பள்ளியிலும் படிக்காமல் இரண்டு மொழியும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன.

ஒருநாள் ஒரு நிறுவனத்தில் வாங்குபவர் நேரிலேயே வந்திருந்தார். சாம்பிளை ஒரு ஆளுக்குப் போட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்த அந்த அம்மையார், "டேக் இட் இன் அட் தி வெயிஸ்ட்" என்றார். புதிதாகச் சேர்ந்த மெர்ச்சன்டைசர் பையன், நம் மாதிரிக் கல்லூரியில் நன்றாகப் படித்தவன்தான், சாம்பிளை உள்ளே கொண்டுபோகச் சொல்கிறார் என்று நினைத்து, அதைக் கழற்றச் சொல்லி உள்ளறைக்கு எடுத்துப் போகக் கிளம்பிவிட்டான். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாத கட்டிங் மாஸ்டர், அம்மையார் இடுப்பருகே இரண்டு விரலால் துணியைக் கிள்ளிக் காட்டியதைப் பார்த்து, "தம்பி, அரை இஞ்ச் புடிக்கச் சொல்றாங்க, இங்க கொண்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அத்தோடு முடிந்தது மற்றவர்களுக்கு. அந்தப் பையன் அதன்பிறகு கூட்டங்களில் வாயே திறப்பதில்லை. கேள்வி இருந்தால்கூடக் கேட்கமாட்டான். கேட்காமலே எழுதிக்கொள்வான். நண்பர்களே, ஏற்றுமதித் தொழிலில் இதுதான் ஆபத்து. தெரியாததைவிடத் தெரியவில்லை என்று சொல்லப் பயப்படுவது ஆபத்து. 'டேக் அப்' என்பதை 'உயரத்தைக் கூட்டு' என்று ஒருவன் தப்பாக எழுதி, யாரிடமும் கேட்காமல் கட்டிங்குக்கு அனுப்பிவிட்டால், ஆயிரக்கணக்கான உருப்படி அளவு மாறிப்போகும். வெட்டின துணி ஒட்டாது. அவன் வேலை போகும், நிறுவனத்தின் பேர் போகும், அந்த வரிசையில் உட்கார்ந்து தைத்த அம்மாக்களின் வாரக் கூலிக்கும் கேடு. இரண்டு எழுத்து 'அப்'புக்கு இவ்வளவு விலை.

லண்டன் பேன்ட் வேறு, நியூயார்க் பேன்ட் வேறு

இன்னொரு எச்சரிக்கை. ஆங்கிலம் ஒன்றல்ல. நாம் பேன்ட் என்பது அமெரிக்கனுக்கும் பேன்ட்தான். இங்கிலாந்துக்காரனுக்கு அது உள்ளாடை! அவனுக்குக் கால்சட்டை 'டிரவுசர்ஸ்'. 'வெஸ்ட்' என்றால் இங்கிலாந்தில் நம் கை இல்லாத பனியன். அமெரிக்காவில் கோட்டுக்குள் போடுகிற இடைக்கோட்டு. 'ஜம்பர்' என்றால் இங்கிலாந்தில் கம்பளி மேலாடை, அமெரிக்காவில் பெண்கள் அணியும் கையில்லா உடை. ஆர்டர் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்க்காமல் அகராதியைப் பார்த்தால் போச்சு.

'டிரஸ்' என்பதும் அப்படியே. நாம் எல்லா உடுப்புக்கும் டிரஸ் என்கிறோம். "தீபாவளிக்கு ஐ பாட் எ நியூ டிரஸ்" என்று ஒரு பையன் வெளிநாட்டில் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். 'எ டிரஸ்' என்றால் பெண்கள் அணியும் ஒற்றை உடை. பொதுவாகச் சொல்ல 'குளோத்ஸ்' இருக்கிறது. அதையும் நாம் 'குளோத்தஸ்' என்று நீட்டுகிறோம். கதவை மூடு என்கிற 'குளோஸ்' போலச் சொன்னாலே போதும், அகராதிகளும் ஏற்றுக்கொள்கின்றன. 'ஐ ஸ்டிச்ட் எ ஷர்ட்' என்றால் நீங்களே ஊசி பிடித்துத் தைத்தீர்கள் என்று பொருள். தைக்கக் கொடுத்திருந்தால், 'ஐ ஹேட் எ ஷர்ட் மேட்'.

'ஃபிட்' என்றால் அளவு சரி. 'சூட்' என்றால் உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது. 'கோ வித்' என்றால் ஒரு துணி இன்னொன்றோடு ஜோடி சேர்கிறது. அளவு சரியாக இருந்தும் எடுப்பாக இல்லாமல் போகலாம். எல்லாவற்றுக்கும் 'சூப்பர்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் எந்தச் சொல்லும் நமக்கு வராது.

கடன் வாங்கியவர்கள் அவர்கள்

ஆங்கிலம் பேசும்போது நாம் அந்நியன் வீட்டு வாசலில் நிற்பதுபோல் கூனிக் குறுகுகிறோம். துணி அலமாரியைத் திறந்து பார்த்தால் அங்கே நம் நாட்டுச் சரக்குத்தான் நிறைய.

'பைஜாமா' பாரசீகம் வழியாக இந்துஸ்தானிக்கு வந்து அங்கிருந்து ஆங்கிலம் போனது. கால் உடை என்று பொருள். 'காக்கி' என்றால் புழுதி நிறம். 1840-களில் வடமேற்கு எல்லைப் படைக்கு உடுத்தப்பட்டு, பிறகு உலகப் படைகளுக்கெல்லாம் போனது. 'பந்தானா' என்பது 'கட்டு' என்ற இந்திச் சொல்லிலிருந்து. 'காலிகோ' நம் பக்கத்துக் கோழிக்கோட்டின் பெயர். 'சின்ட்ஸ்' என்கிறார்களே, அது வேறு எதுவும் இல்லை, நம் பாட்டிமார் சொன்ன சீட்டித் துணிதான். 'மெட்ராஸ்' என்று அகராதியில் பாருங்கள், கட்டம் போட்ட பருத்தித் துணி என்று இருக்கும்.

இந்தியப் பருத்தி இங்கிலாந்தில் எவ்வளவு விரும்பப்பட்டது தெரியுமா? அங்கே நெசவாளர்கள் பிழைப்புப் போகிறது என்று போராடியதால், பாராளுமன்றம் 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டி வந்தது. அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே தடை போட்ட அந்த இரண்டாவது சட்டம் 1774-இல்தான் நீங்கியது. துணி போன வழியில் சொல்லும் போனது.

நாமும் சும்மா இருக்கவில்லை. 'பொத்தான்' போர்த்துக்கீசியரிடம் வாங்கியது. இலங்கைத் தமிழர் சொல்லும் 'சப்பாத்து'ம் அவர்களிடம் வாங்கியதே. மொழிக்கு மொழி கொடுக்கல் வாங்கல் உண்டு. இதில் எஜமானனும் இல்லை, அடிமையும் இல்லை.

வரிந்து கட்டிக்கொண்டு

துணி பழசாகித் தேய்ந்து போனால் 'வேர் அவுட்'. கோயில் படி காலடி பட்டுத் தேய்வது 'வேர் அவே'. வலி மருந்தின் வீரியம் குறைவது 'வேர் ஆஃப்'. ஓயாமல் நச்சரித்து ஒருவரை இணங்க வைப்பது 'வேர் டவுன்'. பழைய மாணவர்களுக்கு இந்தக் கடைசிச் சொல் நன்கொடை வசூலில் நன்றாகவே அனுபவம். பிள்ளை வளர்ந்து சட்டை பத்தாமல் போவது 'குரோ அவுட் ஆஃப்'. அண்ணன் சட்டை தம்பிக்கு வருவது 'ஹேண்ட் டவுன்'. அந்தச் சட்டைக்கே 'ஹேண்ட் மீ டவுன்' என்று பெயர். இந்த அரங்கில் அதைப் போட்டு வளராதவர்கள் கை தூக்கினால் எண்ணிவிடலாம்.

வேலையில் முனைப்பாக இறங்குவதை ஆங்கிலேயன் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காட்டுகிறான், 'ரோல் அப் யுவர் ஸ்லீவ்ஸ்'. வேட்டி கட்டுகிற நாம் 'வரிந்து கட்டிக்கொண்டு' என்கிறோம். உடுப்பு வேறு, உழைப்பு ஒன்று. மொழிபெயர்த்துக் கற்காமல் இப்படிக் காரியத்தோடு காரியத்தைப் பொருத்திக் கற்றால் மறக்காது.

முடிவாக இரண்டு வேண்டுகோள்

மாணவர்களே, உங்களுக்கு ஒன்று. தினமும் காலையில் உடுத்தும்போது, செய்கிற ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சட்டை எடுத்தேன், போட்டேன், பொத்தான் போட்டேன், கை மடித்தேன். மாலையில் கழற்றும்போது திருப்பிச் சொல்லுங்கள். காசு செலவில்லை, ஆசிரியர் வேண்டாம், சிரிக்க ஆள் இல்லை. துணி முடிந்ததும் சமையலறைக்குப் போங்கள், பிறகு பேருந்துக்கு. தெரியாத சொல் வந்தால், "எனக்கு இது புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்கத் தயங்காதீர்கள். அந்த ஒரு வாக்கியம் தெரிந்தவன் எந்த வேலையிலும் பிழைத்துக்கொள்வான்.

முன்னாள் மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒன்று. ஆளுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம் இந்தப் பிள்ளைகளோடு உட்காருங்கள். வங்கியில் இருப்பவர் வங்கியின் சின்னச் சொற்களையும், மருத்துவமனையில் இருப்பவர் மருத்துவமனையின் சின்னச் சொற்களையும் சொல்லிக் கொடுங்கள். இலக்கணம் வேண்டாம், அதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உங்கள் மேசையில் தினமும் புழங்குகிற இருபது சொல் போதும். அவர்கள் தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். நாம் சிரிக்கிற ஒரு சிரிப்பு, ஒரு பிள்ளையின் வாயைப் பல வருஷத்துக்கு அடைத்துவிடும்.

ஆங்கிலம் நம் தோல் அல்ல, சட்டை. வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் கழற்றி மாட்டலாம். ஆனால் போட்டுக்கொள்கிற சட்டை அளவாக இருக்கட்டும், பொத்தான் எல்லாம் சரியாக இருக்கட்டும். சனிக்கிழமை வகுப்புக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள், சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் முன் செயலாளரிடம் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிவிட்டேன்.